ஆறு வற்றியிருக்கும்போது டிரௌட்: மீன் தெரிகிறது, கடிக்கவில்லை

கேள்வி, செப்டம்பர் 2

அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள். நேற்றுதான் இங்கே தென் ஆப்பிரிக்காவில், நட்டால் ஆறுகளில் டிரௌட் மீன் சீசன் திறந்தது. காம்பெர்க் பக்கம் மோய் ஆறு முழங்காலுக்குக் கீழேதான் ஓடுகிறது. அடிக்கல் ஒவ்வொன்றும் தெரிகிறது, மீனும் தெரிகிறது. 9 அடி லீடர் (தடித்த லைனின் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பு), 5 எக்ஸ் டிப்பெட் (லீடரின் கடைசித் துண்டு; எக்ஸ் அதன் தடிப்பு எண்), 14ஆம் நம்பர் ஃப்ளை (பூச்சி போல் கட்டிய ஹூக்). ஆறு விதம் மாற்றிப் பார்த்துவிட்டேன். கோலைத் தூக்கினாலே ஓடிவிடுகிறது. இந்தத் தண்ணீருக்கு எந்த ஃப்ளை?

செப்டம்பர் 2, இரவு

தம்பி, ஃப்ளையைக் கடைசியாகப் பார்க்கலாம். கோலைத் தூக்கினாலே ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஃப்ளை தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே மீன் உங்களைப் பார்த்துவிட்டது. பெட்டியில் இருக்கும் எல்லா ஃப்ளையையும் மாற்றினாலும் அது ஓடத்தான் செய்யும்.

மீன் வெளி உலகத்தைத் தன் தலைக்கு மேலே இருக்கும் ஒரு வட்டத்தின் வழியாகத்தான் பார்க்கிறது. அந்த வட்டத்தின் ஆரம், மீன் நிற்கும் ஆழத்தைப் போல் 1.13 மடங்கு. 30 செ.மீ. ஆழத்தில் நிற்கும் மீனுக்கு 34 செ.மீ. ஆரம், 60 செ.மீ. ஆழத்தில் 68 செ.மீ. வட்டம் சின்னதுதான். ஆனால் கரை, மரம், வானம் எல்லாம் அதற்குள் சுருங்கித் தெரியும். வட்டத்தின் விளிம்பில் வெளிச்சம் மங்கிப்போவதால், தண்ணீர் மட்டத்திலிருந்து சுமார் 10 டிகிரி கோணத்துக்குக் கீழே இருப்பது மீனுக்குச் சரியாகப் புலப்படாது. கணக்கு எளிது: தூரத்தை 0.18ஆல் பெருக்குங்கள். 10 மீட்டர் தள்ளி நின்றால் 1.8 மீட்டர் உயரம் வரை ஒளிந்திருக்கலாம். 6 மீட்டரில் ஒரு மீட்டரும் கொஞ்சமும்தான். அந்த உயரத்தைத் தண்ணீர் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும், நீங்கள் நிற்கும் தரையிலிருந்து அல்ல. அரை மீட்டர் கரைமேல் ஏறி நின்றால் அந்த அரை மீட்டரும் உங்கள் உயரத்தோடு சேரும். அதனால் கரையை விட்டு ஆற்றுப் படுகைக்கு இறங்கி, கீழ்நீரிலிருந்து மேல்நோக்கி, முழங்காலிட்டு நெருங்குங்கள்.

தண்ணீர் நிறைந்து சலசலக்கும்போது அந்த வட்டம் உடைந்து நெளியும். அப்போது 5 மீட்டர் வரைகூடப் போய்விடலாம். ஆறு வற்றினால் மேற்பரப்பு தட்டையாகிவிடும், வட்டம் தெளிவாகிவிடும். நேற்று நடந்தது இதுதான்.

விடியற்காலையில் போங்கள். வெளிச்சம் மங்கலாக இருக்கும்.

செப்டம்பர் 3

நிழலைப் பற்றி விட்டுவிட்டேன். இங்கே கிடைக்கும் கைநூல்களில் பெரும்பாலானவை வட கோளத்தில் எழுதப்பட்டவை. தென்கரையில் நிற்காதே, நிழல் ஆற்றில் விழும் என்று சொல்லும். நமக்குச் சூரியன் வடக்கே இருக்கிறது. அதனால் நாம் தவிர்க்க வேண்டியது வடகரை.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மோய், புஷ்மன்ஸ், உம்கேனி எல்லாமே மலையிலிருந்து கிழக்கு நோக்கி ஓடுகின்றன. மேல்நீர் பார்த்து நடந்தால் முகம் மேற்கே இருக்கும். காலை வெயில் முதுகில் அடிக்கும், நிழல் உங்களுக்கு முன்னால் மீன் மேல் போய் விழும். இந்த வாரம் காலை 8 மணிக்கு 1.7 மீட்டர் ஆள் ஒருவரின் நிழல் நாலு மீட்டருக்கு மேல் நீளும். 10 மணிக்கு ரெண்டு மீட்டருக்குள் வந்துவிடும். கையில் இருக்கும் 2.7 மீட்டர் கோலின் நிழலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோலைத் தலைக்கு மேல் வீசாமல் தண்ணீருக்கு இணையாகப் பக்கவாட்டில் வீசுவது இதனால்தான். காற்றில் முன்னும் பின்னும் வீசி லைன் நீட்டுவதையெல்லாம் கரைப் பக்கமாக வைத்துக்கொண்டு, கடைசி வீச்சை மட்டும் மீன் பக்கம் திருப்புங்கள்.

உடை பற்றியும் ஒரு வார்த்தை. பச்சை உடுத்து என்று எல்லா நூலும் சொல்கிறது. செப்டம்பரில் டிராக்கன்ஸ்பெர்க் அடிவாரத்தில் பச்சை எங்கே இருக்கிறது? பனியில் காய்ந்த புல் வைக்கோல் நிறம். தீ வைத்த சரிவு கறுப்பு. காக்கி போதும். எரிந்த கரையில் ஒளிய ஒரு புல்லும் இருக்காது என்பதால் அங்கே இன்னும் தாழ்ந்து போக வேண்டும்.

செப்டம்பர் 5

இனி லீடர். தட்டையான தண்ணீருக்கு 9 அடி போதாது. தடித்த லைன் மீனின் வட்டத்துக்குள் விழுந்துவிடும். 15 அடி கட்டும் விதம், தடிப்பு மி.மீ.யில், நீளம் மீட்டரில்: 0.40 – 1.3, 0.35 – 0.6, 0.30 – 0.5, 0.25 – 0.4, 0.20 – 0.4, 0.16 – 0.3, கடைசியில் டிப்பெட் 0.13 – 1.1. மொத்தம் 4.6 மீட்டர். ஒவ்வொரு படியும் 0.05க்கு மேல் குறையக் கூடாது. குறைந்தால் முடிச்சில் மெல்லிய நரம்பு தடித்ததை அறுக்கும், வீச்சின் வேகமும் அங்கேயே செத்துப்போகும். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள்.

டிப்பெட்டின் கடைசி 60 செ.மீ. தண்ணீருக்குள் அமிழ வேண்டும். மிதந்தால் மேற்பரப்பு வளைந்து, அடிக்கல்லில் நரம்பைவிடப் பல மடங்கு தடித்த நிழல் ஓடும். வெயிலில் ஆழமில்லாத இடத்தில் நீங்களே பார்க்கலாம். அமிழ்த்த ஒரு சேறு தடவ வேண்டும். கடையில் சின்ன டப்பாவில் விற்கிறார்கள். அதன் முக்கியப் பொருள் ஃபுல்லர்ஸ் எர்த், அதாவது டர்பனில் மசாலாக் கடையில் முகத்துக்குப் பூச விற்கும் முல்தானி மிட்டி. மூன்று கரண்டி பொடி, ஒரு கரண்டி பாத்திரம் கழுவும் திரவம், நாலைந்து சொட்டு கிளிசரின். சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து மூடி வையுங்கள். கிளிசரின் இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் காய்ந்து கல்லாகிவிடும். ஃப்ளையில் படாமல், முடிச்சுக்கு ஒரு விரல் தள்ளி நிறுத்திவிடுங்கள்.

செப்டம்பர் 6

7 எக்ஸ், 8 எக்ஸ் போனால் இன்னும் நல்லதா என்று ஒருவர் கேட்கிறார். 6 எக்ஸோடு நிற்கலாம் என்பேன். எண் கூடக் கூட நரம்பு மெலியும். 11இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை என்பது வரும்: 6 எக்ஸ் என்றால் 5, அதாவது 0.13 மி.மீ. சின்ன ஹூக்குக்கும் இது பொருந்தும், ஹூக் நம்பரை மூன்றால் வகுத்தால் 18க்கு 6 எக்ஸ். அதைவிட மெல்லியதற்குப் போனால் மீனை இழுக்கப் பயந்து விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டியிருக்கும். ஒரு நிமிடத்தில் வர வேண்டிய மீன் ஐந்து நிமிடம் போராடும். குறைந்த தண்ணீரில் அந்தக் களைப்பிலிருந்து அது மீள்வது கடினம்.

நரம்பின் தடிப்பைவிட இழுப்புதான் மீனை அதிகம் விரட்டுகிறது. மெதுவாக ஓடும் தண்ணீரில் ஃப்ளை ஒரு விரல்கடை பக்கவாட்டில் நகர்ந்தாலும் மீனுக்குத் தெரியும். 10 மீட்டர் தள்ளி நிற்கும் உங்களுக்குத் தெரியாது. டிப்பெட் நெளிநெளியாக விழும்படி வீச்சைச் சற்று உயரத்தில் நிறுத்திக் கோலைத் தாழ்த்துங்கள்.

கேட்டதற்காக ஃப்ளை: மெல்லிய உடல் கொண்ட பாராசூட் (மிதக்கும் ஃப்ளை), நம்பர் 18. எடை இல்லாத ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் (நீருக்குள் அமிழும் ஃப்ளை), 18. மான்ரோமத்தில் கட்டும் நம் டிடிடி என்ற மிதக்கும் ஃப்ளை, 16. இவ்வளவுதான். மணி வைத்த நிம்ஃப் வேண்டுமென்றால் 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். தட்டைத் தண்ணீரில் 'டுப்' என்று விழுந்தால் மடு முழுக்கக் காலி.

செப்டம்பர் 9

5ஆம் தேதிக் குறிப்பைத் திருத்துகிறேன். 15 அடி லீடர் காற்றில்லாத நாளுக்கு மட்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் உள்நாட்டிலிருந்து, வடமேற்குப் பக்கமிருந்து பெர்க் காற்று அடிக்கும். சூடான, காய்ந்த காற்று. நாமோ மேற்கே பார்த்து வீசுகிறோம், முகத்துக்கு நேரே வரும். 15 அடி லீடர் சுருண்டு தலையிலேயே விழும். அப்போது பலரும் டிப்பெட்டை வெட்டிக் குறைக்கிறார்கள். அது தவறு. தடித்த பக்கத்தில் குறையுங்கள்: 0.40ஐ 0.6 மீட்டராக, 0.35ஐ 0.3ஆக. மொத்தம் 3.6 மீட்டர், கிட்டத்தட்ட 12 அடி. டிப்பெட் அப்படியே இருக்கட்டும். காற்றுக்கு ஒரு நன்மையும் உண்டு. மேற்பரப்பு சிலிர்த்துக்கொள்ளும், மீனின் வட்டம் கலங்கும், இன்னும் ரெண்டு மீட்டர் நெருங்கலாம். காற்று வீசும்போது வீசி, நிற்கும்போது அசையாமல் இருங்கள்.

செப்டம்பர் 10

இன்னொரு திருத்தம், இது பெரியது. விடியற்காலையில் போகச் சொன்னேனே, அதை இந்த மாதத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். வற்றிய ஆறு, விடிகாலை என்று பழக்கத்தில் வந்துவிட்டது. அது கோடைக்கான பேச்சு. 1500 மீட்டர் உயரத்தில் செப்டம்பர் தொடக்கத்தில் காலையில் இன்னும் உறைபனி இருக்கும். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை மீன் மந்தமாகக் கிடக்கும், பூச்சியும் எழும்பாது. தண்ணீர் குறைவாக இருப்பதால் வெயில் பட்டதும் சீக்கிரம் சூடேறும். 10 மணியிலிருந்து 3 மணிவரை பாருங்கள். நிழலும் அப்போதுதான் குட்டை, 3ஆம் தேதி எழுதியதோடு பொருந்திப்போகிறது. மழை பொய்த்த டிசம்பர், ஜனவரியில்தான் விடியற்காலை.

செப்டம்பர் 14

எங்கே தேடுவது என்று கேட்காமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். குறைந்த நீரில் மீன் மூன்று இடங்களில் இருக்கும். மடுவின் தலையில், தண்ணீர் நுரைத்து விழும் இடத்துக்குக் கீழே: அங்கே பிராணவாயுவும் இரையும் வரும், மேற்பரப்பு உடைந்திருப்பதால் மறைவும் கிடைக்கும். கரை குடைந்த நிழலில், வெளியே ஒன்றும் தெரியாமல். மூன்றாவது, முழங்கால் ஆழம்கூட இல்லாத சலசல ஓட்டத்தில் ஒரு கல்லுக்கு முன்னால் இருக்கும் குழியில். இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் மிதித்துக்கொண்டு போகிறார்கள்.

மடுவின் நடுவில் வரிசையாகத் தெரியும் பெரிய மீன்களை விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரிவதே அவற்றைப் பிடிக்க முடியாததற்குக் காரணம்: நீங்கள் பார்க்கும்போது அவையும் பார்க்கின்றன.

மடுவின் வாலில் எப்போதும் ஒரு சின்ன மீன் காவல்காரன் மாதிரி நிற்கும். அதைக் கிளப்பிவிட்டால் அது நேராக மேலே பாயும், மற்றவை அத்தனையும் கூடவே போகும். அதனால் வாலுக்கு வரும் முன்பே, கீழ்ச் சலசலப்பில் இருந்தபடி முதல் வீச்சு அந்தக் காவல்காரனுக்கு. கடித்தால் கீழ்நீர்ப் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு மடுவுக்கு நல்ல வீச்சு ரெண்டு, மிஞ்சினால் மூன்று. கலங்கிவிட்டால் பத்து நிமிடம் உட்காருங்கள். மீன் திரும்பி வராவிட்டால் அடுத்த மடு.

தண்ணீருக்குள் நடப்பதைத் தவிர்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. பிரௌன் டிரௌட் மே முதல் ஜூலைக்குள் சரளையைக் கிளறி முட்டையிடுகிறது. 8 டிகிரித் தண்ணீரில் பொரிக்க 50, 60 நாள் ஆகும். பொரித்த பிறகும் குஞ்சுகள் மஞ்சள்கரு தீரும்வரை சில வாரம் சரளைக்குள்ளேயே இருக்கும். ஜூன், ஜூலை முட்டை என்றால் இன்றும் அவை கல்லுக்கடியில்தான். சுற்றிலும் பாசி படிந்திருக்க, ஓர் இடம் மட்டும் வெளுத்துக் கழுவினாற்போல் இருந்தால் அதுதான் கூடு. தாண்டிப் போங்கள், மிதிக்காதீர்கள்.

செப்டம்பர் 18

புரட்டாசி பிறந்துவிட்டது. "மாமிசம் தொடாத மாதத்தில் மீன் பிடிக்கலாமா?" என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். சாப்பிடாமல் இருப்பதும் துன்புறுத்தாமல் இருப்பதும் வேறு வேறு. வீட்டில் பெரியவர்கள் வேண்டாம் என்றால் கோலைத் துடைத்து உள்ளே வையுங்கள், ஆறு எங்கும் போய்விடாது. நான் இந்த மாதம் கோலை எடுப்பதில்லை, வெப்பமானி மட்டும் எடுத்துக்கொண்டு போவேன்.

போகிறவர்களுக்கு: ஹூக்கின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். வலை ரப்பர் கண்ணியாக இருக்கட்டும். நூல் முடிச்சு வலை மீனின் வழவழப்பை உரித்துவிடும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். வலைக்குள்ளேயே, தண்ணீருக்குள்ளேயே ஹூக்கைக் கழற்றுங்கள். படம் வேண்டுமென்றால் மீன் வெளியே இருப்பது பத்து விநாடிக்குள். தலை மேல்நீர் பார்க்க, மெல்லிய ஓட்டத்தில் பிடித்திருங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம், செவுளுக்குள் தண்ணீர் முன்னாலிருந்துதான் போக வேண்டும். தானாக வாலை உதறும்வரை விடாதீர்கள்.

செப்டம்பர் 27

"தண்ணீர் குறைவு" என்று எல்லோரும் சொல்கிறோம், எவ்வளவு குறைவு என்று யாரும் எழுதுவதில்லை. அளப்பது எளிது. ஒரே அகலமாக, நேராக ஓடும் 10 மீட்டர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நார்ட்ஜியை (எளிதில் தோல் உரியும் சின்ன ஆரஞ்சு) மேலே விட்டு எத்தனை விநாடியில் கீழே வருகிறது என்று பாருங்கள். மரத்துண்டு காற்றுக்கு ஓடும், நார்ட்ஜி தண்ணீரில் முக்கால்வாசி மூழ்கி ஓட்டத்தோடேயே போகும். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். 25 விநாடி என்றால் விநாடிக்கு 0.4 மீட்டர். அடித்தண்ணீர் மெதுவாக ஓடுவதால் 0.85ஆல் பெருக்கி 0.34 என்று வையுங்கள். அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 0.25 மீட்டர் என்றால் 4 × 0.25 × 0.34 = 0.34 கன மீட்டர், அதாவது விநாடிக்கு 340 லிட்டர். அதே இடத்தில் அளந்து ஒவ்வொரு முறையும் குறித்துவைத்தால் ரெண்டு சீசனில் உங்கள் ஆறு உங்களுக்குத் தெரிந்துவிடும்.

(நார்ட்ஜி என்ற சொல் ஆஃப்ரிகான்ஸுக்குப் போனதே நம் நாரத்தையிலிருந்துதான். நம் சொல் நம் கையில் பழமாகத் திரும்பி வந்திருக்கிறது.)

இந்த எண்ணுக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. 1998ஆம் ஆண்டு தேசியத் தண்ணீர்ச் சட்டம் 'ரிசர்வ்' என்று ஒன்றை வைத்திருக்கிறது. அதற்கு ரெண்டு பகுதி: மனிதரின் அடிப்படைத் தேவை, ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர். இன்னொன்று ஆறு ஆறாக இருக்கத் தேவையான தண்ணீர். பாசனமும் ஆலையும் இந்த ரெண்டுக்கும் பிறகுதான். ரோசெட்டா பக்கத்தில் 2013இல் முடிந்த ஸ்பிரிங் குரோவ் அணையிலிருந்து மோய் ஆற்றுத் தண்ணீர் உம்கேனிக்கு மாற்றப்படுகிறது. அதுதான் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் குழாய்களில் வருகிறது. நாம் வீட்டில் திறக்கும் குழாயும் இந்த மீன் நிற்கும் மடுவும் ஒரே ஆறு. அதனால்தான் அளவைக் குறித்துவைக்கச் சொல்கிறேன். அணைக்குக் கீழே மீன் பிடிப்பவர்கள் கவனியுங்கள், அங்கே ஓட்டம் மழையைப் பொறுத்தது அல்ல, மதகைப் பொறுத்தது. வறண்ட நாளிலும் திடீரென்று ஏறும்.

கரையில் கறுப்பு வாட்டில் மரம் அடர்ந்திருந்தால் அதுவும் குடிக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து பட்டைக்காகக் கொண்டுவந்த மரம், வருடம் முழுக்க இலையோடு நிற்கும். நம் புல்வெளியோ குளிர்காலத்தில் காய்ந்து தண்ணீர் இழுப்பதை நிறுத்திவிடும். அதனால் வறண்ட மாதங்களில்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். வெட்டினால் மட்டும் போதாது, வெட்டிய அடியில் உடனே மருந்து பூசாவிட்டால் துளிர்க்கும், விதை மண்ணில் பல வருடம் காத்திருக்கும். அரசு 1995இல் 'வொர்க்கிங் ஃபார் வாட்டர்' திட்டம் தொடங்கியது இந்த மாதிரி மரங்களுக்காகத்தான்.

டிரௌட்டும் வந்தேறிதானே என்றால், ஆமாம். ஸ்காட்லாந்து முட்டையிலிருந்து வளர்த்து 1890இல் இந்த ஆறுகளில் விட்டார்கள். அதனால் ஒன்றே ஒன்று: இருக்கும் ஆற்றில் பிடியுங்கள், இல்லாத ஓடைக்கு ஒரு குஞ்சைக்கூடக் கொண்டுபோகாதீர்கள். அங்கே நம் மண்ணின் சின்ன மீன்களும் தவளைகளும் இருக்கின்றன.

அக்டோபர் 11

மழை இன்னும் வரவில்லை, வெயில் ஏறிவிட்டது. இனி வெப்பமானிதான் முதல் கருவி. 18 டிகிரி தாண்டினால் ஒரு மீனுக்குமேல் வேண்டாம், 20 என்றால் கோலைக் கழற்றுங்கள். காரணம் காய்ச்சல் அல்ல, மூச்சு. கடல் மட்டத்தில் 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் பிராணவாயு பிடித்துவைக்கும், 20 டிகிரியில் 9.1தான். நம் ஆறு 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைவு, அதுவும் சுமார் 7.6ஆக இறங்கிவிடும். சூடு ஏறினால் மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும், தண்ணீரிலோ குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் தூண்டிலில் போராடிய மீன் நீந்திப் போவது போல் தெரியும். அரை மணி கழித்துக் கல்லிடுக்கில் கவிழ்ந்து கிடக்கும்.

ஊற்று கசியும் இடத்திலும் குளிர்ந்த ஓடை வந்து சேரும் வாயிலும் மீன்கள் கூட்டமாக நின்றால், தயவுசெய்து அங்கே வீசாதீர்கள். அவை இரைக்காக அல்ல, உயிருக்காக ஒதுங்கியிருக்கின்றன.

அக்டோபர் 12

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை, அளவெடுக்கும் இடம் சொல்லவில்லை. கரையோரத் தேங்கலில் வைத்தால் ரெண்டு மூன்று டிகிரி கூடக் காட்டும். ஓடும் தண்ணீரில், நிழலில், ஒரு சாண் ஆழத்தில் ஒரு நிமிடம். காலையில் 15 காட்டினது என்று மதியம்வரை நிற்காதீர்கள். உச்சம் பிற்பகல் 3, 4 மணிக்குத்தான்.

20 தாண்டிய நாளில் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. கீழே, அகன்ற வெதுவெதுப்பான பகுதியில் ஸ்கேலி இருக்கிறது, நட்டால் ஆறுகளின் சொந்த மீன், சூடு தாங்கும். கடலில் ஷாட் மீனுக்கு அக்டோபரும் நவம்பரும் தடைக்காலம், அதனால் கரையோரக்காரர்களும் இப்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். 5ஆம் நம்பர் கோல், 4 எக்ஸ், மணி வைத்த நிம்ஃப் 14. ஸ்கேலி மேலே வந்து பூச்சி எடுப்பது அரிது, அடியில் உருட்ட வேண்டும். பிடித்த இழுப்புக்குக் கையில் சுற்றிய லைன் விரலை அறுக்கும், ரீலில் சுற்றிவிடுங்கள்.

அக்டோபர் 30

மலையில் இடி மழை. தம்பி கேட்டிருக்கிறார், இப்போது போகலாமா என்று. முதல் வெள்ளம் எரிந்த சரிவிலிருந்து சாம்பலும் மண்ணும் கொண்டுவரும், அந்தக் கறுப்பு ஓடி முடியும்வரை காத்திருங்கள். நீர் இறங்கி, முழங்கால் ஆழத்தில் உங்கள் காலணியின் நிறம் தெரியத் தொடங்கும் நாளில் போங்கள். தேநீர் நிறத் தண்ணீரில் 9 அடி லீடர், 5 எக்ஸ், 14ஆம் நம்பர் ஃப்ளை. செப்டம்பர் 2ஆம் தேதி நீங்கள் கட்டியிருந்த அதே கட்டு அன்றைக்குச் சரியாக வேலை செய்யும்.